அம்முவின் நோட்டு

இரவு 10 மணிக்கு எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒரு காரியம் நடக்கிறது. தெருவில் வண்டிச் சத்தம் அடங்கி, எதிர்வீட்டுத் தொலைக்காட்சியும் ஓய்ந்த பிறகு, சமையலறையில் கஞ்சியை மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அம்முவின் கட்டிலருகே கொண்டு வந்து வைத்து, தலைமாட்டில் தலையணைகளைச் சரிவாக அடுக்கி அவள் உடம்பை நிமிர்த்திய பின், அவளுடைய வயிற்றில் பொருத்தியிருக்கும் குழாயின் மூடியைத் திறந்து, உள்தண்டை உருவி எடுத்துவிட்ட 50 மில்லி சிரிஞ்சை அதில் செருகி, முதலில் 20 மில்லி வெதுவெதுப்பான நீரை விட வேண்டும். நீர் தடையின்றி இறங்கிவிட்டால் மனம் லேசாகும். அதன் பிறகே கஞ்சி. சிரிஞ்சை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் கஞ்சி இறங்கும் என்பதால், தூக்கக் கலக்கத்தில் கையைச் சற்றே உயர்த்திவிட்டாலும் குழந்தை ஓங்கரிக்கத் தொடங்கிவிடுவாள். தாழ்த்திவிட்டாலோ உள்ளே போனது திரும்பி மேலே வரும். ஆகவே கை ஓர் உயரத்தில் நிற்க, கண் அவள் முகத்தில் நிற்க, 200 மில்லி கஞ்சி இறங்கும் வரையில் வேறு நினைவின்றி நிற்க வேண்டும். முடிந்ததும் மறுபடியும் 20 மில்லி நீர் விடாவிட்டால் குழாய்க்குள் கஞ்சி உறைந்துபோய், காலையில் அடைப்பு எடுப்பதே பெரும்பாடாகிவிடும். எல்லாம் ஆன பிறகும் அரை மணி நேரம் அவளைச் சமமாகப் படுக்கவிடக் கூடாது.

அம்மு என் மகள் வயிற்றுப் பேத்தி. வயது 9. இந்தக் காரியம் அவளுக்கு ஒரு நாளில் 5 தடவை நடந்தாக வேண்டும். தயாரிப்பது முதல் படுக்க வைப்பது வரையில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது என்றால், ஆகாரத்துக்கு மட்டுமே தினம் 5 மணி நேரம். மருந்து கொடுக்கிற நேரமும், சளி எடுக்கிற மெஷினோடு மன்றாடுகிற நேரமும், விறைத்த கைகால்களை நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுக்கிற நேரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. என் மகள் இதை 4 ஆண்டுகளாகச் செய்து வருகிறாள். அவற்றில் பெரும்பாலான காலம் அவள் ஒருத்தியே செய்தாள் என்பதையும், ஒரே கூரையின் கீழ் இருந்த நான் அதைத் தாய்க்கு மட்டுமே உரிய பணி என்று எண்ணி, மரியாதையோடும் மனவேதனையோடும் விலகி நின்றேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அம்மு பிறந்தவுடன் அழவில்லை. பிரசவ நேரத்தில் மூளைக்குப் பிராணவாயு போதாமற்போனதால் நேர்ந்த அந்தச் சேதத்துக்கு மூளை முடக்குவாதம் என்று பெயர். மருத்துவர்கள் செரிப்ரல் பால்ஸி என்பார்கள். மூளையில் நேர்ந்த காயம் அன்றோடு நின்றுவிட்டது. அது மேலும் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறாள் அல்லவா? எலும்பு நீள நீள, தளரத் தெரியாத தசை அதை இழுத்துப் பிடிக்கிறது; இடுப்பு மூட்டு விலகப் பார்க்கிறது; முதுகெலும்பு ஒருபக்கமாக வளைகிறது. ஒரு வயதுக்குள் ஃபிட்ஸ் வந்தது. விழுங்கும் தசைகளுக்கு ஒழுங்கு இல்லாததால், ஊட்டிய பாலும் சாதமும் இரைப்பைக்குப் போகாமல் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் இறங்கி, 4-ஆம் வயதில் ஒரே ஆண்டில் 3 முறை நிமோனியாவாகி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பல உபாதைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, எந்நேரமும் பிறர் கையையும் ஏதேனும் ஒரு கருவியையும் வேண்டி நிற்கும் குழந்தைகளை, ஒரே வியாதியுள்ள பிள்ளைகளிடமிருந்து வேறாகவே கருத வேண்டும் என்று மருத்துவ உலகம் இப்போது சொல்கிறது. அம்மு அப்படிப்பட்ட குழந்தை.

வயிற்றில் துவாரமிட்டுக் குழாய் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது உறவினர்கள் எல்லாரும் ஒரே குரலில் மறுத்தார்கள். வாயால் உண்ணும் ருசியைக் கூடவா அந்தக் குழந்தைக்கு இல்லாமற் செய்வது என்று என் அக்காள் அழுதாள். நானும் அவள் பக்கமே நின்றேன். எங்கள் அபிப்பிராயம் தவறு என்பதை இப்போது தயங்காமல் சொல்வேன். அதற்குமுன் ஒரு வேளை உணவு ஊட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு கவளமும் குழந்தைக்குப் பயம், தாய்க்கும் பயம். குழாய் வந்த ஆறே மாதத்தில் கன்னத்தில் சதை பிடித்தது, நிமோனியாவும் அரிதாயிற்று. ருசியும் அடியோடு போய்விடவில்லை. விழுங்கும் பயிற்சி தருகிறவர் அனுமதித்தபடி, பண்டிகை நாட்களில் பாயசத்தைத் தேக்கரண்டியின் நுனியால் தொட்டு அவள் நாக்கில் தடவுகிறோம். அப்போது அவள் கண்கள் இரண்டும் அகல விரிந்து, சற்று நேரம் இமைக்காமல் நிற்கும்.

இத்தகைய குழந்தைக்கு மருத்துவர்கள் குறைவில்லை. நரம்புக்கு ஒருவர், வயிற்றுக் குழாய்க்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர், நெஞ்சுக்கு ஒருவர், கண்ணுக்கும் பல்லுக்கும் வேறு வேறானவர்கள் என்று ஒவ்வொருவரும் தத்தம் துறையில் கருத்தாகவே பார்க்கிறார்கள். எனினும் நரம்பு மருத்துவர் தரும் மருந்து சளியைப் பெருக்குமா, சளி பெருகினால் நெஞ்சு மருத்துவர் என்ன சொல்வார், இடுப்பில் அறுவை என்றால் அன்று ஃபிட்ஸ் மருந்தை எந்த வேளையில் கொடுப்பது என்ற கேள்விகள், ஒரு மருத்துவரின் அறைக்கும் அடுத்த மருத்துவரின் அறைக்கும் இடையிலுள்ள தாழ்வாரத்தில், குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாயின் மடியில்தான் வந்து விழுகின்றன. உறுப்பு உறுப்பாகப் பிரிந்து கிடக்கும் குழந்தையை மறுபடி ஒரு முழுக் குழந்தையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் இடம் அந்த ஒருத்தியின் ஞாபகம். அது ஒருத்தியின் ஞாபகமாக மட்டுமே இருப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை ஓர் இரவு எனக்குக் காட்டியது.

என் மாப்பிள்ளை கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்க்கிறார். மாதம் இருமுறை வந்து போவார். அவருடைய தம்பி கல்யாணம் நாகர்கோவிலில். அம்மு பிறந்த பிறகு என் மகள் ஓர் இரவு வெளியே தங்கியது அதுவே முதல் தடவை. 10 மணிக் கஞ்சிக்குப் பழக்கமான ஒரு நர்ஸை வரவழைத்துவிட்டு, மனமில்லாமல்தான் புறப்பட்டுப் போனாள். நர்ஸ் வந்து போன பிறகு, நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்கு அம்முவுக்கு ஃபிட்ஸ் வந்தது. கை வெட்டி வெட்டி இழுத்தது, உதடு கறுத்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மூக்கில் அடிக்கும் மருந்தை அடிக்க வேண்டும் என்பதெல்லாம் காதால் கேட்டு அறிந்தவைதான். ஆனால் அந்த மருந்து எந்த அலமாரியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. 108-ஐ அழைத்து, பக்கத்திலிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் அடுத்தடுத்துக் கேட்டார். என்னென்ன மருந்து சாப்பிடுகிறாள்? கடைசி வேளை எப்போது கொடுத்தீர்கள்? எடை என்ன? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? வயிற்றுக் குழாய் எந்த அளவு, எப்போது மாற்றியது? 33 ஆண்டுகள் பிள்ளைகளைப் பெஞ்சுமேல் நிறுத்திக் கேள்வி கேட்ட நான், ஒன்றுக்கும் பதில் தெரியாமல் நின்றேன். 9 வயது என்றேன்; அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. 9 வயதுப் பிள்ளைக்கு இருக்கக்கூடிய எடையை உத்தேசித்து அவர்கள் மருந்தின் அளவைக் குறித்தார்கள். அதற்குள் தொலைபேசியில் கிடைத்துவிட்ட என் மகள், கல்யாண மண்டபத்து இரைச்சலுக்கு நடுவே, "அம்மா, 14 கிலோன்னு சொல்லு, முதல்ல அதைச் சொல்லு" என்று கத்தினாள். எழுதிய தாள் திருத்தப்பட்டது. தெய்வாதீனமாக அளவு மாறிய மருந்து உள்ளே போகவில்லை. பிறகு அவள் ஒன்றன்பின் ஒன்றாக மருந்துகளின் பெயரையும், காலை எத்தனை மில்லி, இரவு எத்தனை மில்லி என்பதையும், குழாய் 14 நம்பர் என்பதையும், அதன் உள்பலூனில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதையும் சொல்லச் சொல்ல, நான் அந்த மருத்துவரிடம் கிளிப்பிள்ளையைப் போல ஒப்பித்தேன். விடிவதற்குள் நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். முகூர்த்தத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் மாலையே ஒரு நீள நோட்டு வாங்கி வந்தேன். அவள் சொல்ல நான் எழுதினேன். மூன்று நாட்கள் ஆயின. முதல் பக்கத்தில், அவசரத்தில் வரும் மருத்துவர் ஒரே நிமிடத்தில் படிக்கத் தக்கதாக, பெயர், எடை, எடை பார்த்த தேதி, நோய்களின் பெயர், மருந்துகளும் அளவும் வேளையும், ஒத்துக்கொள்ளாத மருந்து, ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது, யாருக்குத் தொலைபேசி செய்வது என்பன. அடுத்த பக்கத்தில் குழாய். அது தற்செயலாக வெளியே வந்துவிட்டால் துவாரம் சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும் என்பதையும், உடனே ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும் என்பதையும், மாற்றுக் குழாய் ஒன்று வாசற்படியருகே மஞ்சள் பையில் எப்போதும் தொங்குகிறது என்பதையும் சிவப்பு மையில் எழுதினோம். ஃபிட்ஸ் மருந்தை எக்காரணம் கொண்டும் திடீரென்று நிறுத்தலாகாது என்பதையும் அதே சிவப்பு மையில் எழுதினோம்.

நோட்டின் பிற்பகுதியை எழுதும்போதுதான் என் பேத்தியை நான் அறியத் தொடங்கினேன். பேச்சில்லாத குழந்தை நோவை எப்படிச் சொல்வாள்? மருத்துவமனைகளில் இதற்கென ஒரு முறை உண்டு. முகம், கால்கள், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறாளா என்ற ஐந்தையும் கவனித்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 2 வரை போட்டு, 10-க்கு இத்தனை என்று நோவை அளக்கிறார்கள். ஆனால் எப்போதும் கால் விறைத்தே இருக்கும் பிள்ளைக்கு, எது வழக்கமான விறைப்பு, எது நோவின் விறைப்பு என்பதைத் தாய்தான் சொல்ல வேண்டும்; அதனால் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு அந்தந்தப் பிள்ளையின் பிரத்தியேக அடையாளங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி அந்த முறையையே திருத்தியிருக்கிறார்கள். என் மகள் சொன்னாள்: நோவென்றால் அம்மு அழமாட்டாள், வலக்கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடிக்கொள்வாள். 9 ஆண்டுகளாக நான் அந்தக் கையைப் பிடித்திருக்கிறேன். ஒரு நாளும் இதைக் கவனித்ததில்லை. ஆம் என்பதற்குக் கண்ணை மேலே உயர்த்துவாள். வேண்டாம் என்பதற்கு முகத்தை இடப்பக்கம் திருப்புவாள். எங்கள் பாளையங்கோட்டையில் மாலை வேளையில் கோயில் மணி கேட்டால் உடம்பின் இறுக்கம் தளரும். பிரஷர் குக்கரின் விசில் கேட்டால் திடுக்கிட்டு இழுப்பு வரும், ஆகையால் விசில் வருமுன் யாராவது அவள் காதைப் பொத்த வேண்டும். இவையெல்லாம் எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை.

இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு உற்ற இடம் ஆஸ்பத்திரியா வீடா என்ற வழக்கு அமெரிக்காவில் ஒரு சிறுமியின் பெயரால் தீர்க்கப்பட்டது. ஐயோவா மாநிலத்தின் சீடார் ராப்பிட்ஸ் நகரில் 1978-இல் பிறந்த கேட்டி பெக்கெட், கைக்குழந்தையாக இருந்தபோதே மூளைக் காய்ச்சலால் தாக்குண்டு, சுவாசக் கருவியின் துணையோடு ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்ற நிலை வந்த பிறகும், அவள் ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் அரசாங்கம் செலவை ஏற்கும், வீட்டுக்குப் போனால் ஏற்காது என்று விதி இருந்தது. வீட்டுச் செலவோ ஆஸ்பத்திரிச் செலவில் சிறு பங்குதான். 1981-இல் ஜனாதிபதி ரீகன் இதைப் பகிரங்கமாக எடுத்துப் பேச, அவளுக்கு விதிவிலக்குக் கிடைத்து அவ்வாண்டே வீடு திரும்பினாள். அடுத்த ஆண்டில் மற்றக் குழந்தைகளுக்கும் வழிசெய்யச் சட்டம் வந்தது. தாயார் ஜூலி பெக்கெட் அதன் பிறகும் இத்தகைய குடும்பங்களுக்காகவே உழைத்தார். கேட்டி படித்துப் பட்டம் பெற்று, 34 வயது வரை வாழ்ந்து, 2012-இல் காலமானாள்.

நம் நாட்டிலோ இந்தக் குழந்தைகளை யாரும் ஆஸ்பத்திரியில் பிடித்து வைப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று ஷிஃப்டில் நர்ஸுகள் மாறி மாறிச் செய்த வேலை அன்று மாலையிலிருந்து ஒரே பெண்ணின் வேலையாகிவிடுகிறது. வேலை வீட்டுக்கு வருகிறது, ஆள் வருவதில்லை.

சட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் உரியது. அதன் கீழ் உள்ள நிரமயா காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரையில், ஆஸ்பத்திரியில் சேராமல் பெறும் சிகிச்சைக்கும் தெரப்பிக்கும் கூடப் பணம் தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக ஆதரவு தேவைப்படுவோர் என்று இவர்களைத் தனியாகவே குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் மாதந்தோறும் பராமரிப்புத் தொகை கிடைக்கிறது. கடுமையான பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெற உரிமை உண்டு. அம்முவுக்கும் சிறப்பாசிரியை ஒருவர் வருகிறார். அடையாள அட்டை வாங்காத பெற்றோர் எவரேனும் இதைப் படித்தால், நாளைக்கே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பக்கத்து ஆய்க்குடியில், விபத்தினால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து வீடுகளுக்கே ஆட்களை அனுப்பிப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறது. வீட்டிலுள்ளவர்களின் கைக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பது என்ற அந்த முறையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

ஏனென்றால் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கொண்டு வந்தது அநுதாபமும் ஆலோசனையுமே. கேரளத்தில் ஒரு வைத்தியர், இன்ன கோயிலில் இன்ன பரிகாரம், யார் செய்த பாவமோ என்ற பெருமூச்சு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு என் மகள் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட நாட்கள் உண்டு. நல்ல மனத்தோடு வருகிறவர்கள்கூட, "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என்ன உதவி வேண்டும் என்று யோசித்து, அதை யாரிடம் கேட்பது என்று தேர்ந்து, கேட்டபின் மறுத்துவிடுவார்களோ என்று கூசுவதும் ஒரு வேலை. அந்த வேலையையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். வேண்டியது என்ன என்று என்னைக் கேட்டால், ஒரே ஒரு காரியத்தைக் கற்றுக்கொண்டு, அதை ஒரே ஒரு வேளை, தவறாமல் வந்து செய்யுங்கள் என்பேன்.

நான் 66-ஆவது வயதில் சிரிஞ்சு பிடிக்கக் கற்றேன். முதல் நாள் கை நடுங்கிற்று. என் மகள் பின்னால் நின்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள், முன்னொரு காலத்தில் சிலேட்டில் அவள் கையைப் பிடித்து நான் எழுத வைத்ததைப் போல. ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. அன்றிலிருந்து இரவு 10 மணி ஆகாரம் என்னுடையது. "நீ போய்ப் படு, நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொன்ன முதல் இரவில் அவள் நம்பாமல் வாசற்படியிலேயே நின்றிருந்தாள். நான்காம் இரவில் 9 மணிக்கே உறங்கிவிட்டாள். தொடர்ந்து 6 மணி நேரம் உறங்கியெழுந்த தன் மகளுடைய முகத்தைக் காலையில் பார்க்கும் பாக்கியம் எத்தனை தாய்மாருக்கு இவ்வளவு தாமதமாக வாய்த்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறான். அம்முவின் அண்ணன், 13 வயது. ஆஸ்பத்திரி நாட்களில் அவன் யார் வீட்டில் சாப்பிட்டான், எந்தப் பரீட்சைக்கு யார் கையெழுத்துப் போட்டார் என்று நினைத்தால் எனக்குத் தெளிவாக ஒன்றும் வரவில்லை. அவ்வளவு ஓசையின்றி வளர்ந்துவிட்டான். இப்போது ஞாயிறு தோறும் என் மகள் அவனை மட்டும் அழைத்துக்கொண்டு வெளியே போகிறாள். சில நாள் தாமிரபரணிக் கரை, சில நாள் பரோட்டாக் கடை. அந்த நேரத்தில் தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை, அவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், போன ஆவணியில் தயங்கித் தயங்கி வந்து, "டீச்சர், எனக்கும் அதைக் கத்துத் தாரீங்களா?" என்று கேட்டாள். குழாயைத் தொட அவளுக்குப் பயம். தொட்டால் குழந்தைக்கு நோகும் என்று நினைத்திருந்தாள். புண் ஆறிய துவாரம் அது, முறையாகச் செய்தால் நோகாது என்று சொல்லி அம்முவின் முகத்தைப் பார்க்கச் சொன்னேன். ஒரு மாதம் நான் செய்ய அவள் பார்த்தாள். அடுத்த மாதம் அவள் செய்ய நான் பார்த்தேன். புதன்கிழமை பகல் வேளை இப்போது அவளுடையது. அன்று நானும் என் மகளும் வங்கிக்கோ மருந்துக் கடைக்கோ ஒன்றாகவே போய் வருகிறோம்.

சென்ற வாரம் திரும்பி வந்தபோது, அம்மு தலையணையில் சாய்ந்தபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலக்கை விரல்கள் ஐந்தும் விரிந்து கிடந்தன. கட்டில்மேல் நோட்டு திறந்திருந்தது. அந்தப் பெண்ணின் சாய்வான எழுத்தில் எழுதியிருந்தது: பகல் 2 மணி. நீர் 20. கஞ்சி 200. நீர் 20. வாந்தி இல்லை. நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.